மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல: சக்‌ஷன் கோளாறை எங்கிருந்து தேடணும்

எங்க தோட்டத்து கிணத்துல திட்டு மேல ஒரு 5 எச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்னா சேர்ந்து வர்றது), வீட்ல சம்புல இருந்து மேல் டேங்குக்கு ஏத்த ஒரு அரை எச்பி, ரெண்டையும் பதினெட்டு வருஷமா நான்தான் பார்த்துக்கறேன், பக்கத்து தோட்டத்துல மோட்டார் இழுக்கலைன்னாலும் பாதி நேரம் எனக்குத்தான் போன் வரும். இத்தனை வருஷம் கழட்டி மாட்டுனதுல ஒன்னு மட்டும் உறுதியா சொல்வேன். "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல"ன்னு வர்ற கோளாறுல முக்கால்வாசி மோட்டார்ல இருக்காது, பம்புக்குள்ளயும் இருக்காது, பம்பு வாய்ல இருந்து தண்ணிக்குள்ள போற சக்‌ஷன் பைப்புல தான் இருக்கும். ஆனா எல்லாரும் முதல்ல தூக்கிட்டு போறது மோட்டாரை.

ஏன்னா சக்‌ஷன் பக்கத்து ஓட்டை கண்ணுக்கு தெரியாதுங்க. தண்ணிய வெளிய தள்ளற டெலிவரி பைப்புல விரிசல் விட்டா தண்ணி பீச்சி அடிக்கும், கொழந்தை கூட காட்டிடும். சக்‌ஷன் பைப்புல விரிசல் விட்டா மோட்டார் ஓடுறப்ப வெளிய ஒரு சொட்டு கூட ஒழுகாது, காத்துதான் உள்ள போகும், பைப்பு பார்க்க காஞ்சு போய் நல்லாத்தான் இருக்கும்.

இளநி ஸ்ட்ராவுல நடுவுல ஒரு கீறல் இருந்தா எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு காத்துதானே வருது, விரலை வெச்சு அந்த கீறலை மூடுனா உடனே இளநி ஏறுதுல்ல, அதே கதைதான் இங்கயும். பம்பு தண்ணிய கயிறு கட்டி இழுக்கறது இல்ல. உள்ள அழுத்தத்தை குறைக்குது, வெளிய இருக்கற காத்து கிணத்து தண்ணிய அமுக்கி பைப்புக்குள்ள ஏத்துது. அந்த காத்தால எவ்வளவு நல்ல பம்பா இருந்தாலும் 34 அடிக்கு மேல ஏத்த முடியாது, பைப்பு உரசல் அது இதுன்னு கழிச்சு பார்த்தா நமக்கு கிடைக்கறது 20ல இருந்து 25 அடி. ஊட்டி கொடைக்கானல் மாதிரி மேட்டுல காத்தழுத்தமே கம்மி, அங்க இன்னும் ஏழெட்டு அடி குறைச்சுக்கணும். தியரி இவ்வளவு போதும்.

கை வைக்கறதுக்கு முன்னாடி

ஸ்டார்ட்டர்ல ஆஃப் பண்றது பத்தாது, மெயினை இறக்கிட்டு ஃபியூஸ் கட்டையை புடுங்கி சட்டைப் பையில போட்டுக்கங்க, வேற யாராவது தெரியாம போட்டு விட்டுடுவாங்க. தண்ணி இல்லாம மோட்டாரை ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட விடாதீங்க. ரொம்ப நாள் மூடிக்கிடந்த கிணத்துக்குள்ள, சம்புக்குள்ள தனியா இறங்கவே கூடாது, கீழ மூச்சு விட காத்து இல்லாம மயங்கி விழுந்து, அவங்களை தூக்க இறங்கினவங்களும் சேர்ந்து போன செய்தியை நாம வருஷா வருஷம் படிக்கறோம். டீசல் இன்ஜினை கிணத்து திட்டுல வெச்சு ஓட்டறவங்க புகை அடங்கற வரைக்கும் இறங்காதீங்க, இதை கை எடுத்து கும்பிட்டு கேட்டுக்கறேன்.

## மோட்டார் நல்லா ஓடுது, ஒரு சொட்டு கூட வரல

முதல்ல எட்டிப் பாருங்க. தண்ணி இறங்கி புட்வால்வு, அதாவது பைப்பு அடி முனையில தண்ணிய திரும்ப விடாம பிடிக்கற வால்வு, அதோட தலை வெளிய தெரியுதா? சித்திரை வைகாசியில பாதி கேஸ் இதோட முடிஞ்சுது. சம்பா இருந்தா மூடியை தொறந்து டார்ச் அடிச்சு பாருங்க, மிதவை ஒட்டிக்கிட்டு தண்ணி வராமலே இருந்திருக்கும்.

அடுத்து டெலிவரி கேட் வால்வு தொறந்திருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, சொட்டுநீருக்கு ஒரு வால்வு, தொட்டிக்கு ஒரு வால்வுன்னு நாலு இருக்கற தோட்டத்துல இது சாதாரணமா நடக்கறதுதான்.

ரெண்டும் சரின்னா பிரைமிங் மூடியை கழட்டி தண்ணி ஊத்துங்க. இங்கதான் நிதானமா கவனிக்கணும். எவ்வளவு தண்ணி பிடிக்கும்னு முன்னாடியே கணக்கு தெரிஞ்சு வெச்சுக்கங்க. 20 அடி நீள சக்‌ஷன் பைப்புன்னா 1 இன்ச்சுக்கு சுமார் 3 லிட்டர், ஒன்றரை இன்ச்சுக்கு 7 லிட்டர், 2 இன்ச்சுக்கு 12 லிட்டர், இதோட பம்பு வயித்துக்கு ஒரு ரெண்டு மூணு லிட்டர் சேர்த்துக்கங்க. 2 இன்ச் பைப்புக்கு மூணு குடம் ஊத்தியும் வாய் நிறையலைன்னா ஊத்தறது எல்லாம் கிணத்துக்கே போகுதுன்னு அர்த்தம்.

### ஊத்தின தண்ணி நிறைஞ்சு நிக்குது

பத்து நிமிஷம் பாருங்க, மட்டம் விரக்கடை கூட இறங்கலைன்னா புட்வால்வு நல்லா இருக்கு. அப்புறமும் எடுக்கலைன்னா உள்ள எங்கயோ காத்து மாட்டியிருக்கு, ஏர் லாக். மெதுவா ஊத்துங்க, குபுகுபுன்னு குமிழி வர்றது நிக்கற வரைக்கும் ஊத்தணும், நடுவுல ஷாஃப்ட்டை கையால நாலு சுத்து சுத்தி விடுங்க, இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தி தண்ணிய தள்ளற சக்கரம்) ரெக்கைக்குள்ள நிக்கற காத்து "ப்ளக்"னு ஒரு குமிழியா வெளிய வரும், அந்த ஒரு குமிழிக்காக அரை நாள் போராடினவங்களை பார்த்திருக்கேன். மூடியை போட்டுட்டு டெலிவரி வால்வை கால்வாசி மட்டும் தொறந்து வெச்சு போடுங்க, எடுத்ததுக்கப்புறம் மெதுவா முழுசும் தொறங்க.

அடிக்கடி ஏர் லாக் ஆகுதுன்னா பைப்பு போற வாட்டத்தை பாருங்க. தண்ணியில இருந்து பம்பு வரைக்கும் சக்‌ஷன் பைப்பு ஏறிக்கிட்டே வரணும், நடுவுல எங்கயாவது ஒட்டக முதுகு மாதிரி மேல தூக்கி அப்புறம் கீழ இறங்கினா அந்த முதுகுல காத்து உக்காந்துக்கும், நீங்க எத்தனை குடம் ஊத்தினாலும் அது போகாது. கிணத்து சுவரை தாண்டறதுக்காக எல்போ போட்டு மேல தூக்கி விடறவங்க இந்த தப்பைத்தான் பண்றாங்க.

### ஊத்தின தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கு

புட்வால்வு பிடிக்கல. ஒரு சுள்ளி, ஒரு நத்தை ஓடு, மணல், ஏதாவது ஒன்னு வாசருக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டியிருக்கும். முதல்ல பைப்பை ரெண்டு கையால புடிச்சு ரெண்டு மூணு தடவை சடக்குன்னு அசைச்சு விட்டுட்டு வேகமா ஒரு குடம் ஊத்திப் பாருங்க, சில சமயம் குப்பை விட்டுடும். எங்க அப்பா சாணிய நீர்க்க கரைச்சு ஊத்துவாரு, அந்த நார் போய் வாசர் ஓரத்துல அடைச்சுக்கும், அன்னிக்கு பாசனத்துக்கு தண்ணி கிடைச்சுடும். அவசரத்துக்கு அது நல்ல வைத்தியம்தான், குடிக்கற தண்ணிக்கு மட்டும் வேண்டாம்.

அப்பவும் நிக்கலைன்னா புட்வால்வை வெளிய எடுக்கணும். சம்புன்னா நீங்களே எடுக்கலாம். எடுத்தவுடனே கடைக்கு ஓடாதீங்க, தலைகீழா புடிச்சு உள்ள இருக்கற தட்டை விரலால தூக்கி தூக்கி விட்டு பாருங்க, ரப்பரோ தோலோ இருக்கற வாசர்ல வட்டமா ஒரு பள்ளம் விழுந்து, ஓரம் கருவாடு மாதிரி சுருண்டு இருந்தா வாசர் மட்டும் மாத்துனா போதும், டீ வடை காசுக்கு வேலை முடிஞ்சிடும். தட்டு உக்கார்ற உலோக விளிம்பு அரிச்சு போயிருந்தா முழுசா மாத்துங்க, வாங்கறதுதான் வாங்கறீங்க பித்தளையா வாங்குங்க, பிளாஸ்டிக் நாலு சீசன்கூட தாங்கறது இல்ல எங்க உப்புத் தண்ணிக்கு.

### தண்ணி நிக்குது, காத்தும் இல்ல, அப்பவும் எடுக்கல

பம்பு மட்டத்துல இருந்து தண்ணி மட்டம் வரைக்கும் ஒரு கயிறுல கல்லைக் கட்டி அளந்து பாருங்க. 25 அடிக்கு மேல போயிருந்தா இந்த பம்பால ஆகாது, எத்தனை மெக்கானிக் வந்தாலும் ஆகாது. பம்பை கீழ் திட்டுக்கு இறக்கணும், இல்ல ஜெட் பம்பு போடணும், இல்ல சப்மெர்சிபிள் இறக்கணும். கிணத்துக்குள்ள ரெண்டு மூணு திட்டு எதுக்கு கட்டி வெச்சிருக்காங்கன்னு நினைக்கறீங்க, கோடையில மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கறதுக்குத்தான். எச்பி கூட்டினா ஆழத்துல இருந்து இழுக்கும்னு நினைச்சு 5ஐ வித்துட்டு 7.5 வாங்கி ஏமாந்த ஒருத்தரை எனக்கு நல்லா தெரியும், எச்பி கூடினா உயரத்துக்கு தள்ளும், கீழ இருந்து ஏத்தறது காத்தோட வேலை, அதுக்கு எச்பி கணக்கு தெரியாது.

## தண்ணி வருது, பத்து நிமிஷத்துல நின்னு போகுது

இதுல மூணு வழி இருக்கு, நிக்கறப்ப என்ன நடக்குதுன்னு பார்த்தாதான் எந்த வழின்னு புரியும்.

கிணத்தை எட்டிப் பாருங்க, புட்வால்வு இருக்கற இடத்துல தண்ணி மேல சுழி விழுதா? பாத்ரூம்ல வாளி தண்ணிய கொட்டுனா ஓட்டைகிட்ட சுழலுமே அது மாதிரி. அந்த சுழி வழியா காத்து நேரா பைப்புக்குள்ள போகும். புட்வால்வு ஓடுற நேரத்துல தண்ணிக்குள்ள குறைஞ்சது ரெண்டு மூணு அடி முங்கி இருக்கணும், நிறுத்தி வெச்சிருக்கறப்ப முங்கி இருந்தா பத்தாது, ஓட ஓட மட்டம் இறங்கும்ல. அதே நேரம் தரையிலயும் உக்காரக்கூடாது, சேறு ஏறிடும், ஒரு அடியாவது தூக்கி இருக்கணும்.

சுழி இல்லைன்னா இன்னொன்னு பாருங்க. மோட்டாரை நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு போட்டா பழையபடி நல்லா எடுத்து, மறுபடி பத்து நிமிஷத்துல நிக்குதா? அப்படின்னா புட்வால்வோட சல்லடை அடைப்பு. ஓடறப்ப பாசி, இலை, கேரி பேக் எல்லாம் போய் சல்லடையில அப்பிக்கும், நிறுத்தினவுடனே இழுப்பு போயிடறதால தானா விழுந்துடும், அதனால வெளிய எடுத்துப் பார்த்தா சுத்தமாத்தான் இருக்கும். எங்க கிணத்துல ஒரு வேப்ப மரம் இருக்கு, மாசி பங்குனியில இலை கொட்டற நேரத்துல இது வருஷம் தவறாம வரும். புட்வால்வை சுத்தி நைலான் கொசுவலையை கட்டறாங்க சில பேரு, அதைப் பண்ணாதீங்க, வலை இன்னும் சீக்கிரம் அடைக்கும். பழைய பிளாஸ்டிக் கூடை ஒன்னை, பெரிய கண்ணு வெச்சது, புட்வால்வை சுத்தி ஒரு அடி தள்ளி நிக்கற மாதிரி கட்டி இறக்குங்க. அவ்வளவு பெரிய பரப்புல இழுப்பு பரவிடறதால இலை வந்து ஒட்டறது இல்ல.

மூணாவது, நின்னதுக்கப்புறம் தண்ணி ஊத்தினாதான் மறுபடி எடுக்குதுன்னா காத்து லேசா கசியுது. கீழ பால் தண்ணின்னு ஒரு தலைப்பு வருது, அங்க போங்க.

## தினம் காலையில தண்ணி ஊத்தினாதான் எடுக்குது

சாயங்காலம் நல்லா ஓடுச்சு, காலையில பம்பு காலி. புட்வால்வு கசிவா, இல்ல மேல எங்கயாவது காத்து போகுதான்னு பிரிச்சு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. ராத்திரி பம்பு வாய் வரைக்கும் ரொப்பி, மூடியை இறுக்கி, டெலிவரி வால்வையும் மூடிட்டு போங்க. காலையில மூடியை மெதுவா தளர்த்துங்க. "உஸ்ஸ்"னு காத்தை உள்ள இழுத்தா மேல எல்லாம் டைட்டா இருக்கு, புட்வால்வு மட்டும் கசிஞ்சு தண்ணி கீழ இறங்கியிருக்கு. சத்தமே இல்லாம காலியா இருந்தா புட்வால்வோட சேர்த்து மேலயும் காத்து போற வழி இருக்கு.

வீட்டு அரை எச்பி செல்ஃப் பிரைமிங் பம்புல இது வேற மாதிரி. அது வயித்துல கொஞ்சம் தண்ணி வெச்சுக்கிட்டுதான் தானா எடுக்கும், அந்த தண்ணியும் போயிட்டா அதுவும் சாதாரண பம்புதான். வெயில் காலத்துல ஊருக்கு போயிட்டு பத்து நாள் கழிச்சு வந்தா போடறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு போடுங்க, உள்ள இருக்கற வாட்டர் சீல் தப்பிக்கும்.

## தண்ணி பால் மாதிரி வெள்ளையா, துப்பித் துப்பி வருது

ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிச்சு வெச்சு பாருங்க. கீழ இருந்து மேல தெளிஞ்சா காத்து, மேல இருந்து கீழ தெளிஞ்சா மண்ணு. காத்துன்னா இனி அந்த ஓட்டையை தேடணும், இந்த வேலைக்கு பொறுமை வேணும், நான் பண்ற வரிசையைச் சொல்றேன்.

காதை முதல்ல உபயோகிங்க. பம்பு சத்தம் பெருசா இருக்கும், அதனால ஒரு அரை இன்ச் பிளாஸ்டிக் டியூப் மூணு அடிக்கு வெட்டி ஒரு முனையை காதுல வெச்சு இன்னொரு முனையை ஒவ்வொரு ஜாயிண்ட்டா சுத்திக் கொண்டு போங்க. காத்து போற இடத்துல கொசு கத்தற மாதிரி மெல்லிசா கேக்கும்.

கேக்கலைன்னா நுரை. ஷேவிங் நுரையோ, சோப்பை கெட்டியா கரைச்சு அடிச்ச நுரையோ எடுத்து ஓடுற பம்போட சக்‌ஷன் ஜாயிண்ட்டுல தடவுங்க, பம்பு வாய் ஃபிளாஞ்ச், எல்போ, யூனியன், பிரைமிங் மூடி, எதையும் விடாதீங்க. ஓட்டை இருக்கற இடத்துல நுரை வெளிய குமிழி விடாது. மாறா உள்ள குழிஞ்சு, ஊசி குத்துன மாதிரி ஒரு பள்ளம் விழுந்து, அந்த பள்ளத்துக்குள்ள நுரை மெதுவா காணாம போகும். அதை ஒரு தடவை கண்ணால பார்த்தீங்கன்னா அப்புறம் மறக்க மாட்டீங்க. சுத்தற பாகத்துகிட்ட மட்டும் கையையும் துணியையும் கொண்டு போகாதீங்க, வேட்டி கட்டியிருந்தா மடிச்சு நல்லா இறுக்கிக்கங்க.

காத்து அடிக்காத மோட்டார் ரூமா இருந்தா ஊதுபத்தியும் போதும், புகை நேரா போயிட்டு இருந்தது ஒரு இடத்துல மட்டும் ஜாயிண்ட்டு பக்கம் சாயும். பக்கத்துல பெட்ரோல் டீசல் இருந்தா பத்தி வேண்டாம்.

கிடைச்ச இடம் எதுங்கறதை வெச்சு வேலை. பிரைமிங் மூடின்னா உள்ள இருக்கற வாசரை மாத்துங்க. திருகு ஜாயிண்ட்டுன்னா கழட்டி பழைய சணலை கம்பி பிரஷ்ல சுரண்டி எடுத்துட்டு டெஃப்லான் டேப் பத்து சுத்து, திருகு போற திசையிலயே சுத்துங்க, எதிர் திசையில சுத்துனா டைட் பண்றப்ப டேப் சுருண்டு வெளிய வந்துடும். ஃபிளாஞ்ச்ன்னா ரப்பர் கேஸ்கெட் மாத்தி நாலு போல்ட்டையும் எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. பிவிசி ஒட்டு விட்டிருந்தா மேல எம்சீல் அப்பறது ரெண்டு நாள் ஆறுதல்தான், அந்த இடத்தை அறுத்துட்டு புது கப்ளிங் போட்டு ஒட்டறதுதான் நிக்கும்.

எதுலயும் கிடைக்கலைன்னா ரெண்டு இடத்தை எல்லாரும் மறந்துடறாங்க. ஒன்னு கிளாண்டு, அதாவது ஷாஃப்ட் பம்புக்குள்ள நுழையற இடத்துல இருக்கற அடைப்பு. கயிறு வெச்ச கிளாண்டா இருந்தா ஓடறப்ப சொட்டு சொட்டா ஒழுகணும், அந்த ஒழுகலை பார்த்து ஐயோ வீணாகுதேன்னு இறுக்கி விட்டா கயிறு கருகி அது வழியா காத்து போகும். மெக்கானிக்கல் சீல் வெச்ச பம்புன்னா ஒழுகவே கூடாது. இன்னொன்னு பம்பு வாய்ல திருகியிருக்கற பிவிசி அடாப்டர்.

இந்த அடாப்டர் கதையை சொல்லியே ஆகணும். எங்க பக்கத்து தோட்டத்து அண்ணன், ஒரு கோடையில மோட்டார் எடுக்கலைன்னு ரெண்டு தடவை காயில் கட்டற கடைக்கு தூக்கிட்டு போனாரு, ரெண்டு தடவையும் நல்லா இருக்குன்னு சொல்லாம ஏதோ மாத்தி பில் போட்டு குடுத்துட்டாங்க, மூணாவது புதுசா வாங்கலாம்னு பணம் பொரட்டிக்கிட்டு இருந்தப்பதான் நான் போனேன். அடாப்டரை கழட்டி கையில வெச்சு பார்த்தா திருகு எல்லாம் மழுங்கி, வாய் வட்டமா இல்லாம லேசா முட்டை மாதிரி இருந்துது. முன்னாடி ஒரு நாள் தண்ணி இல்லாம பம்பு ஓடியிருக்கு, உள்ள நின்ன கொஞ்சம் தண்ணி கொதிச்சு, அந்த சூட்டுல பிவிசி இளகி, ஆறுனப்ப கோணி போச்சு. புது அடாப்டர், டேப், மொத்தமா நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது, ஆனா அதுக்குள்ள ஒன்றரை மாசம் மஞ்சளுக்கு தண்ணி ஒழுங்கா பாயல. அதுக்கப்புறம் பம்பு வாய்ல இருந்து முதல் ரெண்டு அடி மட்டும் ஜிஐ நிப்பிள் போட சொல்லிட்டேன், எங்களுதும் அப்படித்தான் இருக்கு.

## பம்புக்குள்ள ஜல்லி உருட்டுற மாதிரி சத்தம்

டெலிவரி வால்வை பாதி மூடி பாருங்க. சத்தம் குறைஞ்சா சக்‌ஷன் திணறுது: பம்பு கேக்கற அளவுக்கு தண்ணி வர மாட்டேங்குது, உள்ள தண்ணி குமிழி குமிழியா ஆவியாகி ரெக்கை மேல போய் உடையுது. இதை அப்படியே விட்டா ஒரு வருஷத்துல இம்பெல்லரை வெளிய எடுத்து பார்த்தா கரையான் அரிச்ச மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கும். சல்லடை அடைப்பு, பாதி மூடுன சக்‌ஷன் வால்வு, ரொம்ப சின்ன பைப்பு, தேவையில்லாத எல்போக்கள், இந்த வரிசையில பாருங்க. சக்‌ஷன் பைப்பு டெலிவரியை விட ஒரு சைஸ் பெருசா இருக்கறது நல்லது, காசு மிச்சம்னு சின்னதா போடறது இங்கதான் வந்து நிக்கும்.

வால்வை மூடியும் சத்தம் குறையலைன்னா பேரிங். மெக்கானிக்கை கூப்பிடுங்க.

## சத்தம் இல்ல, காத்து இல்ல, தண்ணி மட்டும் கம்மி

மின்வாரியத்துல லைன் வேலை பார்த்ததுக்கு அப்புறம் இது ஆரம்பிச்சுதா? த்ரீ பேஸ்ன்னா சுத்து மாறியிருக்கும். தலைகீழா சுத்துனாலும் பம்பு கொஞ்சம் தண்ணி தரும், அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வர்றது இல்ல. மோட்டார் மேல இருக்கற அம்புக்குறியோட ஃபேன் பக்கம் சுத்தறதை ஒப்பிட்டு பாருங்க. மாறியிருந்தா மூணு வயர்ல ஏதாவது ரெண்டை மாத்தி மாட்டணும், அது எலக்ட்ரீஷியன் வேலை.

சுத்து சரின்னா ஒரு வாக்கம் கேஜ், பம்பு எவ்வளவு இழுக்குதுன்னு முள்ளுல காட்டற மீட்டர், வாங்கி சக்‌ஷன் நிப்பிள்ல மாட்டுங்க, ஒரு மோட்டார் தூக்கற ஆட்டோ வாடகையை விட கம்மியா கிடைக்கும், நான் வாங்குனதுலயே உருப்படியான சாமான் இது. முள்ளு 100 மில்லிமீட்டர் (பாதரச கணக்குல) காட்டுனா நாலரை அடி ஆழத்து இழுப்புன்னு கணக்கு. தண்ணி 15 அடியில இருந்தா ஓடறப்ப 350ல இருந்து 400 வரைக்கும் நிக்கணும். 550, 600ன்னு ஏறி நின்னா கீழ அடைப்பு. 100க்கு கீழ கிடந்து ஆடிக்கிட்டே இருந்தா காத்து. முள்ளு எப்பவும் விட கொஞ்சம் கம்மியா ஆனா ஆடாம நின்னு, தண்ணியும் கம்மின்னா இம்பெல்லர் தேஞ்சிருக்கு இல்ல ரெக்கைக்குள்ள ஏதோ அடைச்சிருக்கு. நல்லா ஓடுற நாள்ல முள்ளு எங்க நின்னுச்சுன்னு சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சுக்கங்க, அந்த நம்பர்தான் பின்னாடி கை குடுக்கும்.

வீட்டு அரை எச்பியில இந்த கடைசி கோளாறு சீக்கிரம் வரும். உள்ள இருக்கற சின்ன இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் இடைவெளி ரொம்ப கம்மி, மணல் கலந்த தண்ணி கொஞ்ச நாள் போனாலே தேஞ்சிடும். சம்பை வருஷத்துக்கு ஒரு தடவை கழுவுங்க.

## சக்‌ஷன் ஓஸ் ஒட்டிப் போகுது

இன்ஜினுக்கு போடற ஓஸ் சப்பையா ஒட்டிக்கிச்சுன்னா பம்பு நல்லா இருக்கு, ஓஸ்தான் தப்பு இல்ல சல்லடை அடைச்சிருக்கு. டெலிவரிக்கு போடற தட்டை ஓஸை சக்‌ஷனுக்கு போடாதீங்க, உள்ள சுருள் வளையம் வெச்ச கெட்டி பச்சை ஓஸ் வேணும். பழைய ரப்பர் ஓஸ்ல இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு, வெளிய பார்க்க உருண்டையா இருக்கும், உள் தோல் மட்டும் பிரிஞ்சு ஓடறப்ப நாக்கு மாதிரி வந்து அடைக்கும், நிறுத்துனா திரும்பி போயிடும். வேற ஒன்னும் கிடைக்கலைன்னா கொஞ்ச நேரம் வேற ஓஸ் மாட்டி பாருங்க.

## அடிபம்பு அடிச்சா காத்து மாதிரி லேசா இருக்கு

வீட்டு வாசல்ல இருக்கற சின்ன அடிபம்புல தோல் வாசர் காஞ்சு சுருங்கியிருக்கும். மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் ஊற விட்டுட்டு அடிங்க. அப்பவும் லேசா இருந்தா வாசர் மாத்தணும். புது தோலை ராத்திரி முழுக்க தேங்காய் எண்ணெயில ஊற வெச்சு போட்டா இன்னும் அதிக நாள் வரும்.

## எப்ப கூப்பிடணும்

கருகின வாசனை வந்தாலோ, மோட்டார் உறுமிக்கிட்டு சுத்தாம நின்னாலோ, ஃபியூஸ் திரும்ப திரும்ப போனாலோ, பாடிய தொட்டா சுர்ருன்னு கரண்ட் அடிச்சாலோ அதோட நிறுத்துங்க. ஷாஃப்ட் மேலயும் கீழயும் ஆடுது, கேசிங்ல விரிசல், ஆழ கிணத்துல புட்வால்வு மாத்தணும், ஜெட் பம்புல உள்ள இருக்கற நாசில் அடைப்பு, இதெல்லாம் செயின் பிளாக்கும் ரெண்டு ஆளும் வேணுங்கற வேலை.

கூப்பிடறப்ப "மோட்டார் ஓடல வாங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. தண்ணி எத்தனை அடியில இருக்கு, சக்‌ஷன் பைப்பு என்ன சைஸ், ஊத்துன தண்ணி நின்னுச்சா இறங்குச்சா, கேஜ் முள்ளு எங்க நிக்குது, இந்த நாலையும் போன்லயே சொல்லிடுங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா புட்வால்வு வாசரையும் கேஸ்கெட்டையும் எடுத்துக்கிட்டே கிளம்பி வருவாரு.